முடிய மறுத்த ரோல்

“அவன் செய்யிற வரைக்கும் நாம எடுப்போம்” என்று சொன்னாரா, “நாம எடுக்கிற வரைக்கும் அவன் செய்வான்” என்று சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் திட்டமாக நினைவில்லை. சொன்னவர் ஸ்டூடியோ குப்புராஜ். காரைக்காலில் இன்னமும் ஃபிலிமில் படம் எடுக்கிறவர்கள் நாங்கள் ஒன்பது பேர் அவரோடு சேர்ந்து சங்கம் தொடங்கிய அன்று, கையில் பன்னீர் சோடாவோடு எழுந்து நின்று அவர் அதைச் சொன்னபோது, மைக் கரகரத்தது, கீழே தெருவில் மீன்வண்டிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான், பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. அவன் என்றது ஃபிலிம் செய்யும் கம்பெனிக்காரனை. அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த கூட்டத்துக்குள் குப்புராஜ் இறந்துபோனதால், கேட்டுத் தெளிந்துகொள்ள வழியில்லாமல் எங்கள் சங்கம் அந்த ஒரு வாக்கியத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்தது.

ஒரு பக்கம் பாஸ்கல். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், மாடி வீடு அந்தக் காலத்துப் பென்ஷனில் கட்டியது, அந்த மாடியில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மறுபக்கம் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற மீனலோசனி டீச்சர்.

“ஆதரவாம் ஆதரவு! ஆறு மாசத்துக்கு ஒருதரம் விலைய ஏத்துவான், டப்பாவுக்குக் கலர மாத்துவான், ஃபிலிம் உலகத்துக்கு எங்கள் ஆதரவு தொடரும்னு அறிக்கை விடுவான். வாங்குறது நாம. ஆதரவு குடுக்கிறது அவனா?” என்பார் பாஸ்கல்.

“ஏம்ப்பா, அந்த மெஷின ஒருதரம் ஓட்டுனா இங்கேருந்து நாகூர் வரைக்கும் பாய் விரிக்கிற அளவு ஃபிலிம் கொட்டும். நாம ஒம்பது பேரு மாசம் ஒண்ணு வாங்குறோம். அதுக்கு அவன் ஓட்டுறதே பெருசு. இப்படித் திட்டிக்கிட்டே இருந்தா மூடிட்டுப் போயிருவான்.”

“என்னமோ சம்பந்தி வீட்டுக் கம்பெனி மாதிரி பேசுறீங்க டீச்சர்.”

நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவர் ஆரூன், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் ஆரூன் நானா. துறைமுகத்துக்குப் போகிற வழியில் படகுக்காரர்களுக்குக் கயிறும் மிதவையும் விற்கிற கடை அவருடையது. “எங் கடையில மூணு தினுசுக் கயிறு நின்னுபோச்சு” என்பார். “எவனும் வந்து, நானா, நிறுத்தப்போறேன்னு சொல்லல. ஒரு நாளு லாரியில வரல, அவ்ளோதான். நீங்க ரெண்டு பேரும் அவன் நம்மள நெனச்சு ராவெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியில்ல சண்ட போடுறீங்க.”

எங்களுக்குப் பிடித்த ஃபிலிம் காஸ்பர். சுவிஸ் மலையடிவாரத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து, மும்பைக்கு வந்து, அங்கிருந்து கூரியரில் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் அந்தக் கம்பெனி, ஆழ்ந்த வருத்தத்துடன், எங்கள் நீண்ட நட்பைப் போற்றி, உற்பத்தியை நிறுத்தியது. பாஸ்கல் வென்றவர் மாதிரி சிரித்தார், பிறகு பால்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றார். கையிருப்பில் இருந்த ரோல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். சங்கத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது: முடியாத ரோலைக் கழுவக் கூடாது. பத்து படம் எடுத்துவிட்டு அவசரமென்று மீதியை வீணாக்குகிறவனை நாங்கள் சோற்றில் கை கழுவுகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்போம். அந்த வழக்கத்தை, கடைசி ரோல்களைக் கையில் வைத்துக்கொண்டு, குப்புராஜின் படத்துக்கு முன்னால் சத்தியமாகவே செய்துகொண்டோம்.

தன் பங்குக்கு வந்த ரோலில்தான் ஆரூன் நானா தன் மனைவி சஃபூராவை எடுத்தார்.

சஃபூரா படத்துக்கு நிற்காத பெண். வெட்கமும் இல்லை, மார்க்கத்தைச் சொன்னதும் இல்லை. “நான் இல்லாத எடத்துல ஒருத்தர் என்னெப் பாத்துக்கிட்டு இருக்கிறது எனக்குப் புடிக்கல” என்பதுதான் அவர் காரணம். கல்யாண வீடுகளில் செல்போன் உயர்ந்ததும் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். வாக்காளர் அட்டையில் இருக்கிற படத்தில் ஜாமீனில் வந்தவர் மாதிரி இருப்பார், அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு காலை கடையின் பின்னறையில், புதுக் கயிற்றுச் சுருள் மேல் ஏறி உட்கார்ந்து, உப்பு தொட்டுக் கொய்யாப்பழம் தின்றுகொண்டே, எதிரில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம், “எடுக்கணும்னா எடுங்க மச்சான்” என்றார்.

நானா நம்பவில்லை. “நெசமாவா புள்ள?”

“எடுங்க. ஆனா கழுவி வந்ததும் மொதல்ல நாந்தான் பாக்கணும். ஒங்களுக்கும் முந்தி. புடிக்கலன்னா அங்கேயே கிழிச்சுப் போட்டுடணும். சம்மதமா?”

“சம்மதம்.”

ஒன்பதாவது படம். பற்களில் கொய்யா விதை ஒட்டியிருக்க அவர் சிரித்தார் என்று நானா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம், துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போன இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சஃபூரா எழுந்திருக்கவில்லை.

ஃபாத்திஹா ஓதி, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நானாவுக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. ரோலை முடிக்க வேண்டும். அப்படியே சுற்றி எடுத்துக் கழுவியிருக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனால் சத்தியம் சத்தியம் என்று நினைக்கிற மனிதர் அவர். அந்த வருஷத்து மாங்கனித் திருவிழா வந்தது. சாமி தெருவில் வர, மாடிகளிலிருந்து சனம் மாம்பழத்தை வாரி இறைக்க, கீழே நூறு கைகள் ஒரு பழத்துக்கு உயர, அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து அவர் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். பழத்தை எடுத்தார், கையை எடுத்தார், போலீஸ்காரர் தொப்பியில் நசுங்கிய மாங்கொட்டையை எடுத்தார், எடுக்க ஒன்றும் இல்லாதபோது வானத்தை எடுத்தார், ரோல் முடியட்டும், முடியட்டும் என்று எடுத்தார், ரோல் முடியவில்லை.

முப்பத்தாறு படம் முடிந்தால் கை சொல்லிவிடும். லீவர் பாதியில் இறுகி நிற்கும். நிற்கவில்லை. எண் காட்டும் சின்னச் சக்கரம் கடைசிப் புள்ளிவரை போய் அங்கேயே தங்கிவிட்டது, லீவர் மட்டும் வெண்ணெயில் ஓடுவது போல ஓடிக்கொண்டே இருந்தது.

ஃபிலிமில் படம் எடுக்கிற எவனுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டவில்லை. மூடியைச் சாத்தியிருக்கிறோம், உள்ளே அது அசையாமல் கிடக்க நாம் வெறும் பெட்டியை ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஒருவர்கூட இதைச் செய்யாதவர் இல்லை. பாஸ்கல் தன் தங்கை கல்யாணம் முழுவதையும் அப்படித்தான் எடுத்தார்.

மறுநாள் மாடியில் கேமராவை மேஜை மேல் வைத்து எல்லோரும் குனிந்தோம். மாட்டவில்லை என்றால் ஒன்பதாவது படமும் இல்லை.

“ரிவைண்ட் குமிழப் பாருங்க” என்றார் டீச்சர். “ஃபிலிம் ஓடுதுன்னா அதுவும் சுத்தணும்.”

நானா லீவரை இழுத்தார். இடது பக்கத்துக் குமிழ் மெல்ல, சாவி கொடுத்த பொம்மை தலையைத் திருப்புவது போல, ஒரு சுற்றில் பாதி திரும்பி நின்றது. படத்தைச் சொடுக்கி மறுபடி இழுத்தார். மறுபடி திரும்பியது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார், காபி ஆறும்வரை எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, “ஓடுதுய்யா” என்றார்.

ஃபிலிம் ஓடியது, முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சின்ன உலோகப் பெட்டிக்குள் அத்தனை ஃபிலிமுக்கு இடம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. அரசலாற்றில் இவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை, அதைப் போல.

பாஸ்கல்தான் முதலில் குதித்தார். “அப்ப கம்பெனியே வேணாம்! நிறுத்திக்கடா, நீயும் ஒன் வருத்தமும்!”

“எனக்கு ஒம்பதாவது படம் வேணும் தம்பி” என்றார் நானா.

“எங்க போயிரும் நானா? உள்ளதானே இருக்கு.”

“இருட்டுப் பைக்குள்ள வச்சுத் தொறந்து வேணும்ங்கிறத மட்டும் வெட்டிக்கலாமே” என்றார் டீச்சர்.

“வெட்டுனா முடிஞ்சிரும்ல டீச்சர்? ஓடுற ஆத்துல கத்திய வைக்கச் சொல்றீங்களே” என்றார் பாஸ்கல்.

நானா கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உலகத்தில் காஸ்பர் இல்லை, எங்கள் எட்டு ரோல்களும் தீர்ந்துபோயிருந்தன, எட்டு பேரும் அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “சரி, ஆவணி வரைக்கும் எடுத்துக்குங்க” என்றார் அவர்.

ஆவணி வந்தது, போனது. அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவர்கள் வேடிக்கைக்கு வந்தார்கள். படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள், கிடைக்காது என்றால் போய்விட்டார்கள். ஆனால் போனவர்களில் சிலர், அந்தக் கிடைக்காது என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய், சோற்றோடு பிசைந்து, படுக்கையில் புரண்டு யோசித்துவிட்டு, வேறு முகத்தோடு தனியாகத் திரும்பி வந்தார்கள். யாரும் பார்க்க முடியாத படம். எடுக்கப்பட்டது உண்மை, பார்க்கப்படாதது உறுதி. இப்படி ஒன்று இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

நானா பின்னறையில் கேமராவை முக்காலியில் நிறுத்தினார். எதிரே அதே கயிற்றுச் சுருள். வந்தவர் உட்காருவார். நானா தூரத்தைச் சரிபார்த்து, டைமரைத் திருகிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். டைமர் கிர்ரென்று வண்டு மாதிரி ஓடி, டிக் என்று விழும்வரைக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரை ஆண்டவனும் கேமராவும் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அதன் பிறகு “ஆச்சா?” என்பார். “ஆச்சு” என்று பதில் வந்த பிறகுதான் திரும்புவார்.

ஆகவே உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லோருக்கும் தெரியும். தையல்காரர் ஒருவர் சட்டைக்குள் பட்டுச்சேலை ஒன்றைச் சுருட்டி மறைத்துக்கொண்டு போனார், தன் அளவுக்குத் தைத்த ரவிக்கையோடு என்றார்கள். வெவ்வேறு கட்சிக்காரர்கள் இருவர் வெவ்வேறு வாசல் வழியாகப் போய் ஒரே டிக் சத்தத்துக்குப் பிறகு வெளியே வந்தார்கள். பிறந்ததும் இறந்த பிள்ளைக்குப் பெயர்கூட வைக்காத ஒரு தாய், வெறும் கையை ஏந்திக்கொண்டு போய், வெறும் கையை ஏந்திக்கொண்டே வந்தார். சீருடை போட்ட ஓர் அதிகாரி தொப்பியைக் கழற்றி வெளியே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார், வரும்போது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. நானும் ஒருநாள் போனேன். டீச்சரும் போனார்.

ஊர் அதைத் தன் வழக்கங்களோடு சேர்த்துக்கொண்டது. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிச்சயத்துக்கு முன் ஒருதரம் கயிற்றுக்கடைக்குப் போய்வந்தார்கள். பார்க்கவே முடியாத படம் படமாகாது, ஆகவே தடையில்லை என்று பள்ளிவாசலில் சொல்லப்பட்டது. பரிகாரம் இல்லாமல் பாவத்தை இறக்கிவைக்கிற இடமாகிவிட்டதே என்று பங்குச் சாமியார் மாதா கோவில் பூசையில் வருத்தப்பட்டார், வருத்தப்பட்ட மறுநாள் அவருடைய சமையல்காரர் வந்து நேரம் கேட்டுக்கொண்டு போனார். டீக்கடையில் இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாமவர், “விடுப்பா, ரோலுக்குள்ள போட்டுட்டு வா” என்றார். அந்த மாதங்களில் ஊரில் ஒரு இலகுவும் நல்ல தூக்கமும் இருந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நானாவுக்கு மட்டும் தூக்கம் இல்லை. ஒவ்வொருதரம் லீவரை இழுக்கும்போதும் சஃபூரா இன்னும் ஒரு சுற்று உள்ளே போகிறார் என்று அவர் நினைத்தார். தாடி நரைத்தது. “மொகம் மறந்துக்கிட்டு வருது தம்பி” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். “சிரிச்சா. அது நெனவிருக்கு. எப்படிச் சிரிச்சான்னு கேட்டா தெரியல. அந்த வாக்காளர் அட்டை மொகந்தான் வந்து நிக்குது.” பங்குனி பிறந்ததும் ரோலைச் சுற்றி எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். சொன்னது எப்படியோ வெளியே போனது.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கயிறு வாங்கவும் வரவில்லை, படத்துக்கும் வரவில்லை.

அந்த அதிகாரி வந்தார். சுவரில் எதையோ தேடுவது போலப் பார்த்தார். “ஒண்ணுமில்ல பாய், தீயணைக்கிற சிலிண்டர் வச்சிருக்கீங்களான்னு பாக்கத்தான் வந்தேன். நைலான் கயிறு சட்டுனு பத்திக்கும் பாருங்க.”

மீன் ஏலம் விடுகிற காத்தாயி வந்து, கூடையைக் கூட இறக்காமல் வாசலில் நின்றார். “பாய், அத நீ வெளிய வுட்டியன்னா நான் கடல்ல போயி வுளுந்துருவேன். மெரட்டுறேன்னு நெனைக்காத. தகவல் சொல்றேன்.”

கட்சிக்காரர்கள் இருவரும், இந்த முறை சேர்ந்தே வந்தார்கள். ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் கடைப் பூட்டில் யாரோ அரம் போட்டு ராவியிருந்தது தெரிந்தது. நானா கேமராவைச் சஃபூராவின் துப்பட்டா ஒன்றில் சுற்றித் தோளிலேயே மாட்டிக்கொண்டார், கடையிலும் தொழுகையிலும் அது அவர் பக்கத்திலேயே இருந்தது. பங்குனி பிறந்தது. அவர் சுற்றவில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனிக்காரன் வந்தான்.

வரவழைத்தது டீச்சர். கம்பெனிக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் போடுவது அவருக்கு வழக்கம். ரோல் முடியாத கதையையும், ஊர் அமைதியாக இருந்த நாளில், பெருமையாக எழுதியிருந்தார். எப்போதும் போல, தங்கள் அன்பு எங்களை நெகிழச் செய்கிறது என்று இயந்திரப் பதில் வந்தது. அதற்கு ஏழெட்டு மாதம் கழித்து மொசியே ரெனார் வந்தார், மெலிந்த, நல்ல மனிதர், வெயிலில் தோல் உரிந்துகொண்டிருந்த மூக்கோடு. அவருக்குப் பிரெஞ்சு, ஊருக்குத் தமிழ். இரண்டையும் பள்ளியில் படித்து, பிரான்சிலும் இங்கும் வாழ்ந்து, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஊர் திரும்பியிருந்த என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

ரெனார் குமிழ் திரும்புவதைப் பார்த்தார். வியப்படையவில்லை. மூடிய கண்களோடு லீவரின் சத்தத்தை மட்டும் கேட்டார், அதன் பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் அந்த ஃபிலிமுக்குப் பூச்சு பூசிய பிரிவில் இருந்தவராம். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்:

கேமராவை இப்படியே, திறக்காமல், கம்பெனிக்குக் கொடுங்கள். ரோலை நாங்கள் எங்கள் ஆய்வகத்தில் கழுவி, அது ஏன் முடியவில்லை என்று கண்டுபிடிப்போம். அதற்கு ஈடாக நிறுத்திய இயந்திரத்தை மறுபடி ஓட்டுவோம். உலகம் முழுக்கக் காஸ்பர் கிடைக்கும். இது எங்கள் ஆதரவு, இந்த முறை எழுத்தில். ஒன்பதாவது படத்தைப் பெரிதாக அச்சிட்டு மொசியே ஆரூனுக்கு அனுப்பிவைப்போம்.

அப்போதுதான் குப்புராஜின் வாக்கியத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் இடம் மாறினார்கள்.

“குடுத்துருங்க நானா” என்றார் பாஸ்கல். “நான் அவன எவ்ளோ திட்டியிருக்கேன். எல்லாம் அவன் இல்லாமப் போயிட்டாங்கிற கோவந்தான். மறுபடி ஓட்டுறேங்கிறான். ஒங்களுக்குப் படம், எங்களுக்கு ஃபிலிம். இதவிட வேற என்னா வேணும்?”

“குடுக்கக் கூடாது” என்றார் மீனலோசனி டீச்சர்.

“டீச்சர்! நீங்கதானே மெயில் போட்டு வரவச்சீங்க?”

“போட்டேன். அப்ப நான் அந்த ரூமுக்குள்ள போகல.” அவர் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். “அதுக்கப்புறம் போனேன்.”

நானா யாரையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பதில் சொல்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஜும்மா முடிந்து அவர் வரும்போது பாஸ்கல் வீட்டுத் தெருவில் சனம் நின்றது. கூச்சல் இல்லை. திருவிழாவில் மாம்பழத்துக்குக் கை உயர்த்திய அதே சனம், கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது, அவர் தோளில் தொங்கிய துப்பட்டா மூட்டையை மட்டும் பார்த்தது. காத்தாயி இருந்தார், தையல்காரர் இருந்தார், அந்த அதிகாரி சாதாரணச் சட்டையில் இருந்தார். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று யாரோ சொன்னார்கள். நானா பதில் சொல்லிக்கொண்டே படியேறினார். பின்னால் படிக்கட்டின் மரக்கதவை யாரோ வெளியிலிருந்து மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

மேஜையில் ஒப்பந்தத் தாள்கள், மேலே காற்றுக்குப் பறக்காமல் ஒரு சங்கு. நானா உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். பாஸ்கல் பேனாவின் மூடியைத் திறந்து வைத்தார்.

“ஒரு கேள்வி கேக்கணும் தம்பி” என்றார் நானா என்னிடம். “கழுவி வந்ததும் மொதல்ல யாரு பாப்பாங்கன்னு கேளுங்க.”

கேட்டேன். ரெனார் இதில் என்ன கஷ்டம் என்பது போலச் சிரித்தார். ஆய்வகத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள், முதல் படத்திலிருந்து வரிசையாக. நல்ல பிள்ளைகள். அவர்கள் ஆட்களைப் பார்க்க மாட்டார்கள், ஃபிலிமைத்தான் பார்ப்பார்கள். ஓர் ஆளோ, ஆயிரம் ஆளோ, அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆட்சேபம் வந்தால் ஒரு படத்தை நீக்கிவிடவும் செய்யலாம்.

“யாரு ஆட்சேபிக்கணும்?”

“படத்தில் இருக்கிறவர்” என்றார் ரெனார். “அவரே நேரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.”

இதையும் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நானா அந்தச் சங்கை விரலால் ஒருதரம் தடவினார். பிறகு, கொய்யாப்பழத்தில் விதை கடிபட்டவர் மாதிரி நாக்கைப் பல்லில் துழாவிக்கொண்டு, லேசாகச் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

“நீங்க என்னா சொல்றீங்க டீச்சரம்மா? சுத்தி எடுத்து, நம்ம ரூம்லயே கழுவி, அந்த ஒம்பதாவது படத்த மட்டும் நான் வெட்டிக்கிட்டு, மிச்சத்த ஒங்க கண்ணு முன்னாடி எரிச்சுட்டா?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் ஒங்கள நம்புவேன் நானா” என்றார். “கீழ நிக்கிறவங்க நம்ப மாட்டாங்க. நீங்க பாத்துட்டீங்கன்னே சாகுற வரைக்கும் நெனப்பாங்க.”

“அவளும் அப்படித்தான் நெனப்பா.”

வெளியே மேகம் விலகியிருக்க வேண்டும், ஜன்னல் கம்பிகளின் நிழல் திடீரென்று ஒப்பந்தத் தாள் மேல் கோடு கோடாக விழுந்தது. நானா கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்தார், மொட்டை மாடிக்குப் போகிற படியில் ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். பாஸ்கல் பேனாவோடு போனார். மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் செருப்பைக் கீழேயே விட்டிருந்தார். கைப்பிடிச் சுவர் அருகில் வந்து நின்றதும் தெருவில் இருந்த முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே நிமிர்ந்தன.

நானா துப்பட்டாவை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கேமராவைத் திருப்பி, ரிவைண்ட் குமிழை இரண்டு விரலால் பிடித்தார். எங்களுக்குத் தெரியும், அந்த வகைக் கேமராவில் இரண்டு காரியத்துக்கும் அந்தக் குமிழ்தான். சுற்றினால் ஃபிலிம் பத்திரமாக உள்ளே போகும். மேலே இழுத்தால் பின்கதவு திறந்துகொள்ளும், வெளிச்சம் பட்ட ஃபிலிமில் ஒரு படமும் மிஞ்சாது.

“சுற்றப் போகிறாரா?” என்று ரெனார் என் காதருகில் கேட்டார். “அவரிடம் கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள்.”

“நானா” என்றேன். “சுத்தப் போறீங்களான்னு கேக்குறார்.”

“வெயில் நல்லா அடிக்குதுல்ல தம்பி” என்றார் அவர்.

ஆரூன் நானா குமிழை மேலே இழுத்தார்.